25 ஆண்டுகளாக மறுவளர்ச்சி பெற்ற காடு: இன எண்ணிக்கை கூடிவிட்டால் காடு மீண்டுவிட்டதாகக் கொள்ளலாமா?

மழைச்சாரல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் அகப்பட்டுக் கிடக்கும் சிறிய காட்டுத்துண்டு ஒன்றில், தோட்ட மேலாளரின் அனுமதியுடன், இரண்டு கோடைகளாக நானும் என் கல்லூரி நண்பர்கள் இருவரும் மரக்கணக்கு எடுத்து வருகிறோம். துண்டின் ஒரு பாதியில் முன்பு ஏலக்காய் பயிரிட்டிருந்தார்கள். அது கட்டுப்படியாகாமல் போனபின் விறகுக்கும் வெட்டி, ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன்பு அப்படியே விட்டுவிட்டார்கள் என்று அங்கே பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர்கள் சொல்கிறார்கள். ஓடைக்கு அப்பால் உள்ள மறுபாதி, பெரிதாக யாரும் கைவைக்காத பழைய காடு.

இரு பக்கமும் 20 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டங்கள் போட்டு, மார்பு உயரத்தில் 30 செ.மீ. சுற்றளவுக்கு மேற்பட்ட மரங்களையெல்லாம் நாடா வைத்து அளந்து, இனம் பிரித்துக் குறித்தோம். கோடை மழைக்குப் பிறகு அட்டைகளின் தொல்லையால் ஒரு நாள் வேலையைப் பாதியில் விட்டதைத் தவிர, கணக்கில் குறை வைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

எங்களுக்கு வியப்பளித்தது இதுதான்: கட்டத்துக்கு எத்தனை மர இனங்கள் என்று பார்த்தால், மறுவளர்ச்சிப் பகுதி பழைய காட்டுக்கு ஏறக்குறையச் சமமாக நிற்கிறது, ஒரு கட்டத்தில் பழைய காட்டையே மிஞ்சிவிட்டது. அப்படியானால், இன்னும் சில ஆண்டுகள் யாரும் வெட்டாமல் விட்டாலே போதும், காடு தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் என்று எங்கள் அறிக்கையில் எழுதலாமா? எழுதக் கூடாது என்றால், நாங்கள் அளக்கத் தவறியது எது? தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

முதுவேனில்

நல்ல கேள்வி. இரண்டு பருவம் காட்டுக்குள் நின்று எண்ணிவிட்டு வந்து கேட்பதால் இன்னும் நல்ல கேள்வி.

நீங்கள் கண்டது பிழையன்று. உலகின் பிற மழைக்காடுகளிலும் இதையே கண்டிருக்கிறார்கள். மெக்சிகோ முதல் பிரேசில் வரையிலான வெப்பமண்டல அமெரிக்காவில் 56 இடங்களில் 1,800க்கும் மேற்பட்ட மாதிரிக் கட்டங்களை ஒன்றாக வைத்துப் பார்த்து, 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. மேய்ச்சலுக்கும் வேளாண்மைக்கும் அழிக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட நிலங்களில் தானாக எழுந்த காடுகள், 20 ஆண்டுகளில் முதுகாட்டின் மர இன எண்ணிக்கையில் 80 விழுக்காட்டை எட்டிவிடுகின்றன என்றும், முழு எண்ணிக்கையை எட்ட நடுத்தரமாக ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன என்றும் அந்த ஆய்வு சொன்னது. உங்கள் 25 ஆண்டுக் காடு அந்தக் கோட்டிலேயே போகிறது.

ஆனால் அதே ஆய்வின் மறுபாதியைப் படிக்காமல் அறிக்கை எழுதிவிடாதீர்கள். எத்தனை இனங்கள் என்று கேட்பதை விட்டு, எந்தெந்த இனங்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு என்று கேட்டபோது, அதே 20 ஆண்டுகளில் மீண்டது 34 விழுக்காடுதான். இந்த இனங்களின் கலவை முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்ப நூற்றாண்டுகள் ஆகும் என்பது அவர்கள் கணிப்பு. எண்ணிக்கை ஒரு தலைமுறையில் திரும்பிவிடுகிறது, ஆட்கள் திரும்புவதில்லை. ஊர்க் கணக்கில் வீடுகளின் எண்ணிக்கை குறையாமல் இருக்கும், ஆனால் கதவைத் தட்டினால் வேறு யாரோ வந்து நிற்பார்கள் அல்லவா, அது போல.

இடைப்பருவக் காட்டில் எண்ணிக்கை பழைய காட்டையே மிஞ்சுவதற்கும் எளிய காரணம் உண்டு. வெளிச்சம் தேடி முதலில் வந்த முன்னோடி மரங்கள் இன்னும் சாகவில்லை; நிழலில் வளரும் மரங்களோ வரத் தொடங்கிவிட்டன. இரு கூட்டமும் ஒரே கூரையின் கீழ் நிற்கும் அந்தச் சில பத்தாண்டுகளில் பட்டியல் நீளும். முன்னோடிகள் ஓய்ந்த பிறகு அது சுருங்கவும் கூடும். ஆகவே உங்கள் ஒரு கட்டம் மிஞ்சியது, காடு முதிர்ந்துவிட்டதைக் காட்டிலும் இன்னும் இளமையாக இருப்பதற்கே சான்று என்று நான் படிப்பேன்.

இன்னொன்று. இளங்காட்டில் மெல்லிய மரங்கள் நெருக்கமாக நிற்கும். பரப்பளவு சமமாக இருந்தாலும் அங்கே கூடுதல் மரங்களை எண்ணியிருப்பீர்கள். கூடுதல் மரங்களை எண்ணினால் கூடுதல் இனங்கள் சிக்குவது இயல்பு. நான் மேலே சொன்ன ஆய்வில், மரங்களின் எண்ணிக்கையைச் சமப்படுத்திய பிறகே இனங்களை ஒப்பிட்டார்கள். நீங்களும் இரு பக்கமும் சம எண்ணிக்கையில் மரங்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, அதைப் பல முறை செய்து, சராசரி பாருங்கள். கணினியில் ஒரு மணி நேர வேலை.

---

நாற்றங்கால்

முதுவேனில் ஐயா சொன்ன கணக்கு சரி. நான் கணக்கு அறிந்தவன் அல்லன். ஆனைமலையில் மழைக்காட்டு மரங்களின் விதை பொறுக்கி நாற்று வளர்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். எனவே உங்கள் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

முதலில், காபி இருக்கிறதா? ரொபஸ்டா காபி வால்பாறையின் காட்டுத்துண்டுகளுக்குள் தானாகவே பரவி நிற்கிறது. அராபிகாவைவிட ரொபஸ்டாவின் பரவல் அதிகம் என்பதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். மரநாய் பழத்தைத் தின்று கொட்டையைக் கழித்துவிட்டுப் போகும். அடுத்த மழையில் அது முளைத்து நிற்கும். ஆப்பிரிக்காவிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்த மீசாப்சிஸ் மரமும் அப்படித்தான். பறவைகள் அதை விரும்பித் தின்று காட்டுக்குள் கொண்டு சேர்க்கின்றன. சில்வர் ஓக்கும் ஒன்றிரண்டு இருக்கக்கூடும். இவற்றையெல்லாம் ‘இனங்கள்’ என்று எண்ணிக் கூட்டியிருந்தால், அந்த வரிகளை அடித்துவிட்டு மறுபடி கூட்டுங்கள்.

அடுத்து, பட்டியலில் இருக்கும் பெரிய மரங்கள் எப்போது வந்தவை? ஏலம் போடுகிறவர்கள் காட்டை மொட்டையடிப்பதில்லை. அடிக்காட்டைத் துப்புரவாக வெட்டிவிட்டு, நிழலுக்கு மேல்மரங்களை விட்டுவைப்பார்கள். விறகுக்கு வெட்டியபோதும் தப்பிய சில மரங்கள் இருந்திருக்கும். ஆகவே உங்கள் மறுவளர்ச்சிக் கட்டத்தில் ஒரு குங்கிலிய மரமோ நாங்கு மரமோ நின்றால், அது மீண்டு வந்த மரம் அன்று. போகாமல் நின்ற மரம். 25 ஆண்டில் ஒரு நாங்கு இரண்டு பேர் கட்டிப்பிடிக்கும் அளவுக்குப் பருக்காது. சுற்றளவுக் கணக்கைப் பார்த்தாலே யார் பழையவர், யார் புதியவர் என்பது தெரிந்துவிடும்.

புதிதாக வந்தவர்களில் முதலில் நிற்பது வட்டக்கண்ணியாக இருக்கும். இலைக்காம்பு விளிம்பில் ஒட்டாமல் இலையின் உட்பகுதியில் குடைக்காம்பு போல ஒட்டியிருக்கும். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். அதன் விதை மிகச் சிறியது. சிறு பறவைகளே சுமந்துவிடும். ஆனால் வெடிப்பலாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனைமலையின் நடுமட்ட மழைக்காட்டில் அது முதன்மையான மரங்களில் ஒன்று. முள் நிறைந்த காய் வெடித்தால் உள்ளே கனத்த கொட்டைகள் இருக்கும். சிங்கவால் குரங்கும் அணில்களும் தின்று தீர்த்தது போக, மிஞ்சியவை பெரும்பாலும் தாய்மரத்தடியிலேயே விழுந்து முளைக்கும்.

இந்தப் பெருவிதைகளின் இயல்பை நாற்றங்காலில்தான் நன்றாகப் பார்க்கலாம். முன்னோடி மரங்களின் விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் தூங்கிக் கிடந்து, மேலே வெளிச்சம் விழுந்ததும் எழும். வெட்டிய காட்டில் அவை முதலில் நிற்பதற்கு அதுவே காரணம். வெடிப்பலா, காட்டு ஜாதிக்காய், வெள்ளைக் குங்கிலியம் போன்றவற்றின் விதைக்கு அந்தத் தூக்கம் கிடையாது. ஈரத்தோடு விழும், ஈரத்திலேயே முளைக்க வேண்டும். ஒரு முறை தார்ச்சாலையில் விழுந்து கிடந்த கொட்டைகளைப் பொறுக்கி, வேலை நெருக்கடியில் சாக்கை வண்டியிலேயே வைத்துவிட்டேன். சில நாள் கழித்துப் பிரித்தபோது பாதி சுருங்கியிருந்தது, பாதி புளித்த நாற்றம் அடித்தது. பையில் போட்டதில் முளைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அப்படிப்பட்ட விதை, வெட்டிய நிலத்து மண்ணில் 25 ஆண்டு காத்துக் கிடக்க வழியே இல்லை. யாராவது கொண்டுவந்து போட்டால்தான் உண்டு.

கொண்டுவருகிறவர்கள் யார் என்றால், காட்டு ஜாதிக்காய்க்கும் கருங்குங்கிலியத்துக்கும் இருவாச்சியும் பெரிய மலைப்புறாவும். சிறிய குருவிகளின் வாய்க்கு அந்த விதை அடங்காது. இருவாச்சி கூடு வைக்கப் பழமரங்களின் பொந்து வேண்டும். இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம், உங்கள் துண்டுக்கு ஓடையின் மறுபக்கமே பழைய காடு இருக்கிறது என்பதுதான். பல துண்டுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

---

பெலுக்கார்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். ‘இன்னும் சில ஆண்டுகள் விட்டால் போதும்’ என்ற வரிக்கு எங்கள் ஊர்க் காடே ஒரு பதில்.

19ஆம் நூற்றாண்டில் இத்தீவின் காட்டில் மிகப் பெரும்பகுதி காம்பியர் பயிருக்காக அழிந்தது. காம்பியர் இலையைக் கொதிக்க வைத்துத் தோல் பதனிடும் சாறு எடுப்பார்கள்; அடுப்பெரிக்க விறகும் பக்கத்துக் காட்டிலிருந்தே வரும். சில ஆண்டுகளில் மண் சாரமற்றுப் போனதும் தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த காட்டை வெட்டப் போனார்கள். அந்தத் தரிசுகளில் எழுந்த காட்டுக்குத்தான் ‘அடினாண்ட்ரா பெலுக்கார்’ என்று பெயர். பெலுக்கார் என்றால் மலாய் மொழியில் மறுவளர்ச்சிப் புதர்க்காடு. மண்ணில் பாஸ்பரஸ் சத்து மிகக் குறைவு, புளிப்பு அதிகம். அடினாண்ட்ரா மரங்களே திரும்பத் திரும்ப நிற்கும். இடையிடையே சிம்போ ஆயர் என்னும் புதரின் மஞ்சள் பூக்கள், பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகள். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள காட்டில் முதுகாட்டுத் துண்டுகளும் முதிர்ந்த மறுவளர்ச்சிக் காடும் ஒட்டி ஒட்டியே இருக்கின்றன. அங்கே 1990களில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டு பாதுகாப்பில் வளர்ந்த மறுவளர்ச்சிக் காடு, பக்கத்திலேயே முதுகாடு இருந்தும், அதன் மர இனவளத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டையே எட்டியிருந்தது. முதுவேனில் அவர்கள் சொன்ன அமெரிக்கக் கணக்கில் 20 ஆண்டுகளில் 80 விழுக்காடு. இங்கே நூறு ஆண்டில் 60. அளந்த முறைகள் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தக் கூடாதுதான். ஆனாலும் அமெரிக்கச் சராசரியை ஆசியக் காட்டின் மேல் அப்படியே வைத்துப் பார்ப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

தென்கிழக்காசியத் தாழ்நிலக் காட்டின் கூரையே டிப்டெரோகார்ப் குடும்ப மரங்கள்தான். உங்கள் வெள்ளைக் குங்கிலியமும் அதே குடும்பம். இங்குள்ளவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு ஒரு முறை எல்லாம் சேர்ந்து காய்க்கும். இறகு வைத்த காயானாலும், அடர்ந்த காட்டில் தாய்மரத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை. விதைக்குத் தூக்கமும் கிடையாது. இந்த மூன்றும் ஒரே மரத்தில் கூடிவிட்டால், அடுத்த குன்றுக்குப் போவதற்கே அதற்குப் பல தலைமுறைகள் தேவைப்படும்.

---

தரிசுநிலம்

எல்லாரும் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இந்த உரையாடல் போகும் போக்கில், மறுவளர்ச்சிக் காடு என்றாலே இரண்டாந்தரச் சரக்கு என்ற எண்ணம் கேட்டவருக்கு வந்துவிடக் கூடாது. நான் இதில் சற்று வேறுபடுகிறேன்.

2021இல், வெப்பமண்டல அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலுமாக 77 இடங்களின் 2,275 கட்டங்களை வைத்து, காட்டின் 12 பண்புகள் எந்த வேகத்தில் மீள்கின்றன என்று கணக்கிட்டார்கள். மண் பத்து ஆண்டுக்குள் தேறிவிடுகிறது. இலையின் தன்மை, மரக்கட்டையின் அடர்த்தி போன்ற செயல்பாட்டுப் பண்புகள் 25 ஆண்டுக்குள். காட்டின் அமைப்பும் இனப்பன்மையும் 25 முதல் 60 ஆண்டுகளில். மொத்த உயிர்ப்பொருளும் (மரங்களின் மொத்த எடை) இனங்களின் கலவையும்தான் 120 ஆண்டைத் தாண்டுகின்றன. ஒரு காசும் செலவழிக்காமல், வெறுமனே கைவிட்ட நிலம் இவ்வளவு செய்கிறது என்றால், அதைக் குறைவாக மதிப்பிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நிலம் கைவிடப்படுவதற்கு முன்பு அதில் என்ன நடந்தது என்பதை வைத்தே பேச வேண்டும். வயதை மட்டும் வைத்துப் பேசினால் தவறிவிடுவோம். அமேசானில் மனாவுஸ் நகருக்கு வடக்கே இதற்குத் தெளிவான சான்று உண்டு. காட்டை வெட்டிவிட்டு அதிகம் எரிக்காமல் விட்ட இடங்களில் செக்ரோப்பியா மரங்கள் எழுந்தன. அவற்றின் நிழலில் காட்டின் மற்ற இனங்கள் பலவும் வந்து சேர்ந்தன. மேய்ச்சலாக்கி மீண்டும் மீண்டும் தீ வைத்த இடங்களில் விஸ்மியா எழுந்தது. எரிந்த பின்பும் வேரிலிருந்தும் அடித்தண்டிலிருந்தும் துளிர்க்கும் மரம் அது. தன் கீழேயும் தன் இனத்தையே வளர்த்துக்கொண்டு, பல ஆண்டுகள் சென்றபின்பும் இனவளம் குன்றியே நின்றது. மழையும் மண்ணும் ஒன்றே. அண்டை அண்டையான நிலங்கள். மேய்ச்சலும் தீயும் மட்டுமே வேறு. பெலுக்கார் சொன்ன சிங்கப்பூரும் இந்த வகையே: அங்கே மண்ணின் சாரத்தையே உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். ஏலம் போட்ட நிலம் அப்படியன்று.

மண்ணே தடையாக இருக்கும் இடத்தில் ஒரு சிறிய உதவி என்ன செய்யும் என்பதற்கு கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்டே பகுதி நல்ல எடுத்துக்காட்டு. 1990களில், நலிந்துபோன மேய்ச்சல் நிலத்தில் 12,000 டன் ஆரஞ்சுத் தோலையும் சக்கையையும் கொண்டுவந்து கொட்டிவிட்டு மறந்துவிட்டார்கள். 16 ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், சாலையின் ஒரு பக்கம் புல்லும் ஏறக்குறைய ஒரே வகை மரமும், சக்கை கொட்டிய பக்கம் பல இனங்கள் கலந்த காடு. நிலத்துக்கு மேலுள்ள உயிர்ப்பொருள் 176 விழுக்காடு கூடியிருந்தது. முதலில் கொட்டியபோது புழுவும் நாற்றமும் தாங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் செய்தால் அடுத்த நாளே சாலை மறியல்தான்.

---

நாற்றங்கால்

தரிசுநிலம் சொல்வதில் பெரும்பகுதிக்கு உடன்படுகிறேன். ஆனால் வால்பாறையில் வெறுமனே விட்டுவிடுவது எல்லா இடத்திலும் பலிப்பதில்லை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் தேயிலைக்கும் காபிக்கும் நடுவே காட்டுத்துண்டுகள் தீவுகளாகக் கிடக்கின்றன. திறந்த இடத்தில் உண்ணிச்செடி மண்டிவிட்டால், மேலே இருந்து விழும் விதைக்கும் கீழே வெளிச்சம் கிடைக்காது. 2000ஆம் ஆண்டையொட்டி இங்கே தொடங்கிய மீட்புப் பணியில், களைகளை நீக்கி நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் இனங்களை நட்டார்கள். நட்ட இடங்களையும், அப்படியே விட்ட இடங்களையும், நல்ல காட்டையும் பிற்பாடு ஒப்பிட்டதில், நட்ட இடங்கள் இனவளத்தில் முந்தியிருந்தன. அதிலும் பெருங்காட்டிலிருந்து தொலைவில் உள்ள துண்டுகளில்தான் நட்டதன் பலன் கூடுதலாகத் தெரிந்தது. பெருங்காட்டை ஒட்டிய இடத்துக்கு விதை தானே வருகிறது. நாம் நடுவது வீண்செலவு. எங்கே நடுவது, எங்கே சும்மா இருப்பது என்று பிரிக்கத் தெரிவதுதான் இந்த வேலையில் பாதி.

எல்லாரும் மரத்தையே பேசுகிறோம். கிளைமேல் வாழும் ஆர்க்கிட்களும் பெரணிகளும் உங்கள் கணக்கில் இல்லை. வழவழப்பான இளம் வட்டக்கண்ணித் தண்டில் அவற்றுக்குப் பிடிமானம் ஏது? பழங்காட்டுக் கட்டத்தில் ஒரே ஒரு பெருமரத்தின் கவட்டைத் தொலைநோக்கியால் பார்த்து எண்ணுங்கள். பிறகு உங்கள் 25 ஆண்டுக் காட்டில் ஒரு கட்டம் முழுவதும் எண்ணுங்கள்.

---

முதுவேனில்

அளவீட்டைப் பற்றி ஒன்றைச் சேர்க்க வேண்டும். நீங்கள் கட்டத்துக்கு எத்தனை என்று பார்த்தீர்கள். கட்டங்களைக் கூட்டிக்கொண்டே போனால் பட்டியல் எப்படி நீள்கிறது என்று பாருங்கள். பழங்காட்டில் பத்தாவது கட்டத்திலும் புதுப் பெயர் வரும்; மறுவளர்ச்சிக் காட்டில் நான்கு ஐந்து கட்டங்களுக்குப் பிறகு பழைய பெயர்களே திரும்பி வரலாம். அப்படி வந்தால், கட்ட அளவில் இருக்கும் சமம் துண்டின் அளவில் இல்லை என்று பொருள்.

மேலும், 30 செ.மீ. சுற்றளவு என்ற வரம்பு, இன்று நிற்பவர்களை மட்டுமே காட்டும். அடுத்து வரப்போகிறவர்கள் முழங்கால் உயரத்தில் நிற்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் 2 மீட்டர் சதுரம் ஒன்று போட்டு நாற்றுகளையும் இளங்கன்றுகளையும் எண்ணுங்கள்.

---

மழைச்சாரல்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நேற்று இரவே பழைய தாள்களை எடுத்து உட்கார்ந்தோம். காபியையும் மீசாப்சிஸையும் நீக்கி, மரங்களின் எண்ணிக்கையைச் சமப்படுத்திப் பார்த்ததும், பழைய காட்டை மிஞ்சிய கட்டம் அதற்குக் கீழே போய்விட்டது. நாற்றங்கால் ஐயா கேட்டபடி சுற்றளவுகளைப் பார்த்தேன்: மறுவளர்ச்சிப் பக்கம் நாங்கள் பெருமையோடு குறித்திருந்த காட்டு ஜாதிக்காய், நாங்கு, குங்கிலியம் எல்லாமே பெருத்த மரங்கள். நடுத்தரப் பருமனில் அந்த இனங்களில் ஒன்றுகூட இல்லை.

இன்று காலை நாற்றுகளைப் பார்க்கவென்றே ஒரு நடை போய்வந்தோம். ஓடைக்கரையை ஒட்டி வெடிப்பலா நாற்றுகள் இருக்கின்றன. பழைய காட்டின் ஓரத்து மரத்திலிருந்து சரிவில் உருண்டு வந்தவையாகத் தோன்றுகிறது. ஓடையைத் தாண்டி உள்ளே போனால் அவை இல்லை. ஆனால் மறுவளர்ச்சிப் பகுதியின் நடுவில், உயரமான வட்டக்கண்ணி ஒன்றின் அடியில், சிறிய செடி ஒன்றைப் பார்த்தோம்: சிவந்த தளிர், விளிம்பில் பல் வைத்த இலை. பக்கத்தில் குங்கிலிய மரம் எதுவும் இல்லை. படம் எடுத்திருக்கிறேன், மாலையில் போடுகிறேன். நாற்றங்கால் ஐயா பார்த்து, அது கருங்குங்கிலியம்தானா என்று சொல்ல வேண்டும்.

---

நாற்றங்கால்

சிவந்த தளிரும் பல் வைத்த விளிம்பும் என்றால் பெரும்பாலும் அதுவே. இலையைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள், பிசின் மணம் வரும். கிள்ளுவது ஒரே ஒரு சிற்றிலையாக இருக்கட்டும், கன்று சிறியது. பக்கத்தில் ஒரு குச்சி நட்டு நாடா கட்டிவிட்டு, மேலே நிமிர்ந்து எந்தக் கிளை இருவாச்சி உட்காரத் தோதாக இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளைக்கு நேர் கீழே இன்னும் இரண்டு மூன்று இருக்கக்கூடும்.